கன்னியப்பன் வாங்கும் தோட்டா

"கன்னியப்பன் இன்னா தோட்டா வாங்கறானோ, அதையே குடும்மா."

அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார் துரைராஜ். விழுப்புரம் துப்பாக்கிக் கடைக்காரி ஜெயஸ்ரீ லைசென்ஸைச் சரிபார்த்தாள். அவர் பெயருக்கு மாறி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

செஞ்சியில் மளிகைக் கடை வைத்திருக்கும் துரைராஜுக்கு இரண்டு மாதமாக வயிற்றெரிச்சல். அடுத்த நிலத்துக் கன்னியப்பன் சாயங்காலமானால் ஒரு வேட்டுப் போடுவான். காட்டுப்பன்றிகள் அவன் நிலக்கடலையை விட்டுவிட்டு இவர் நிலக்கடலைக்குள் பாயும். பாதி நிலம் பாழ். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். "கன்னியப்பண்ணன் கொல்லையில இன்னா சத்தம்! ராஜகிரிக் கோட்டையே அதிருது" என்று மனைவி செந்தாமரை பூரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஜெயஸ்ரீ குழலை அளந்தாள். "இது ரெண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செஞ்சது சார். இப்ப வர்றது ரெண்டே முக்கால்."

"உள்ள போவுதில்ல?"

"போவும். சுட்டதும் தோட்டா வாய் விரியும். விரிய எடமில்லன்னா குழல் வெடிச்சி உங்க கை போயிடும்."

"கன்னியப்பன் கை போவலியே?"

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் சார்."

"அப்ப கால் அங்குலம் சீவிக் குடு."

"தோட்டா இன்னா முருங்கக்காயா?"

"சரி, குழலக் கொடஞ்சி நீளமாக்கு!"

அதற்குத் தாங்குமா என்று உள்ளே விளக்கடித்துப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "கம்பிய முறுக்கிச் செஞ்ச குழல். அந்தக் காலத்துக் கரிமருந்துக்குத்தான் ஆவும். துரு வேற அரிச்சிருக்குது. இதுல இனிமே எந்தத் தோட்டாவும் போடாதீங்க சார். இங்கயே ஒப்படச்சிட்டுப் போங்க."

தோட்டா வாங்க வந்தவருக்கு இப்போது துப்பாக்கியும் இல்லை.

"அவனுக்கு மட்டும் எதக் குடுக்கறேன்னு மறைக்காம சொல்லும்மா!"

ஜெயஸ்ரீ பதிவேட்டைப் புரட்டினாள். "செஞ்சி கன்னியப்பனா? அவரு இங்க தோட்டாவே வாங்கனதில்ல. எலெக்ஷன் உத்தரவுல இங்க ஒப்படச்ச துப்பாக்கிய இன்னும் எடுத்துனு போவல. அதோ, சீட்டு கட்டி வெச்சிருக்குது பாருங்க."

துரைராஜின் வயிறு குளிர்ந்துபோனது. அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டார்.

"தாமர, அவன் துப்பாக்கி இங்க தூங்குதுடி! அப்ப சாயங்காலம் வெடிக்கறது இன்னா?"

"தீபாவளியில மிச்சமான அணுகுண்டுங்க. நீங்க சாப்பாட்டுக்கு வந்து நான் கடையில நிக்கற நேரத்துல, தெனம் நம்ம கடையிலதான் வாங்கினு போறாரு."