முதுகுக் கணக்கும் அலமாரிச் சாவியும்

புதன்கிழமை, ஜூன் 11, காலை மணி 6.40.
முகத்தில் 11, முதுகிலும் தோளிலும் 23. ஆகப் பருக்கள் மொத்தம் 34.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் தங்கை மகன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்றாம் முறை தட்டை நீட்டியதைப் பார்த்தவன் என்பதால் உங்கள் சுகத்தைத் தனியாக விசாரிக்கவில்லை. போனில் நீங்கள் யாரையும் பேச விடுவதில்லை, ஆகவே கடிதம், இன்றே கையில் கொடுத்தனுப்புகிறேன். அலமாரிச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அலமாரிக்குள் என் ஊசி மருந்து இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை நான் ஊசி போட்டாக வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தாலே போதும். உங்களுக்குப் போதாது என்று தெரியும், அதனால் தொடர்கிறேன்.

அன்று செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்தீர்கள். "என்னடா இது, முப்பது வயசுல மூஞ்சி பூரா பூத்துக் கிடக்கு?" அம்மா உடனே, "அந்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆரம்பிச்சதுலேர்ந்துதான் அண்ணா" என்று எடுத்துக் கொடுத்தாள். "அப்புறம் என்ன? ஊசியை நிறுத்து, பரு நின்னுடும். இதுக்கு ஒரு டாக்டரா?" என்றீர்கள். அம்மா என் ஊசி மருந்துப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள், நீங்கள் சாவியை எடுத்துக்கொண்டீர்கள். அப்பா பேப்பரில் முகத்தை மறைத்துக்கொண்டார். ஐந்தே நிமிஷத்தில் என் வைத்தியம் முடிந்தது.

நிறுத்தினால் பரு நிற்கும், வாஸ்தவம். பாய்லரை அணைத்தால் பிரஷர் கேஜும் பூஜ்யத்துக்கு வரும். அதற்குப் பேர் ரிப்பேர் இல்லை மாமா. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, எனக்கு அது சரியாக உத்தரவு போடுவதில்லை, அதனால் உடம்பில் தானாக ஊற வேண்டிய அந்த ஹார்மோனை ஊசியாகப் போட வேண்டியிருக்கிறது. போன வருஷம் நான் எப்படி இருந்தேன் என்று நினைத்துப் பாருங்கள். பத்து மணி நேரம் தூங்கி எழுந்து, பஸ்ஸில் தூங்கி, பாய்லர் கேஜ்களைச் சரிபார்க்கிற வேலை மேஜையில் கேஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினேன். குளியலறையில் சும்மா சறுக்கினதுக்கு மணிக்கட்டு முறிந்தது; எலும்பு பிஸ்கட் மாதிரி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். "சோம்பேறி" என்று நீங்கள் சொன்னதும் அப்போதுதான். இப்போது ஊசி ஆரம்பித்து ஆறு மாசம். டூல் பெட்டியோடு நாலு மாடி ஏறி இறங்குகிறேன், வீட்டுக்கு வந்தும் விழித்திருக்கிறேன். அதற்குக் கொசுறாக வந்ததுதான் பரு.

அந்தக் கொசுறை நான் சும்மா விட்டேனா? முதலில் எண்ணெய் வழிவதுதானே கோளாறு என்று கேஜ் துடைக்கிற ஸ்பிரிட்டை எடுத்து முகத்தில் தேய்த்தேன். தோல் உரிந்து வேகவைத்த கிழங்கு போலானேன். டாக்டரம்மா, "தம்பி, இது மூஞ்சி, மெஷின் இல்ல" என்றார். பிறகு ரெண்டு வாரத்துக்கு ஒரு பெரிய ஊசி என்றிருந்ததைப் பிரித்து வாரம் ஒரு சின்ன ஊசியாக்கினார், ஏற்ற இறக்கம் குறையுமாம். காலையில் கழுவ ஒன்று, ராத்திரி பட்டாணி அளவு களிம்பு ஒன்று. "எட்டு, பன்னிரண்டு வாரம் ஆகும், பொறுமையா இருங்க" என்றார். பொறுமைக்கு எங்கே போவது, மூன்று பட்டாணி வைத்தேன், மறுபடி உரிந்தேன். கழுவுகிற மருந்து துணியை வெளுக்கும் என்பதையும் நான் கவனிக்கவில்லை. அம்மாவின் நீலத் துண்டு நான்கும் வெள்ளைத் திட்டாகிவிட்டன, "துண்டுக்கே இந்தக் கதின்னா உன் தோலு என்னத்துக்கு ஆகும்?" என்று அவள் பயந்ததில் தப்பே இல்லை. உங்கள் பழுப்புச் சட்டையின் முதுகில் ஐந்து விரல் வெள்ளையாக விழுந்ததற்கு அம்மாவின் சோப்புத்தூளைத் திட்டினீர்களாமே. அது நான் போன மாதம் உங்களைத் தட்டிக் கொடுத்தது. மன்னிக்கவும்.

இப்போது ஆதாரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு புதன்கிழமையும் எண்ணிக்கை எடுக்கிறேன். முகம் என் பொறுப்பு, கண்ணாடி இருக்கிறது. முதுகு என் கண்ணுக்கு எட்டாது, அது அப்பா பொறுப்பு. முதல் வாரம் முதுகு 37. பிறகு 35, 33, 31, 29, 27, 25, இன்று 23. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இறங்குகிறது மாமா! முதுகுதான் தானாகவே ஆறுகிறதே என்று மூன்றாம் வாரத்திலிருந்து அங்கே மருந்து போடுவதையும் நிறுத்திவிட்டேன். என்னை அளவு விஷயத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. போன வாரம்கூட ஒரு பாய்லர் ஆப்பரேட்டர் தினமும் பிரஷர் அளவு குறிக்கிற நோட்டைப் புரட்டிய உடனே, "ஏன்யா, இவ்ளோ அழகா இறங்குதே, உக்காந்த இடத்துல எழுதினியா?" என்று கேட்டேன், மனுஷன் காலில் விழாத குறை. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், வைத்தியம் வேலை செய்கிறது. சாவியை அனுப்பவும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அப்பா வந்து நின்றார்.

"அந்த இருபத்திமூணை எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அழிச்சிடு."

"ஏன்?"

"மொத வாரம் முப்பத்தேழுன்னு சொன்னதும் உன் தோள் அப்படியே தொங்கிப் போச்சுடா. பின்னாடி நிக்கிறவனுக்கு வேற என்ன தெரியும்? அடுத்த வாரமும் அதே முப்பத்தேழுதான். ரெண்டு குறைச்சுச் சொன்னேன். தோள் நிமிந்துச்சு. அப்புறம் எப்படி ஏத்தறது?"

எட்டு வாரம் மாமா! நோட்டைப் புரட்டிப் பார்த்தேன், அவ்ளோ அழகா இறங்குது. கத்த வாயைத் திறந்தேன், அப்பா என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார், மூடிக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு இப்போது எண்ணியதில் முதுகு 39. மொத்தம் 50. மேலே உள்ள ஆதாரத்தைப் படிக்காததாக நினைத்துக்கொள்ளவும். என் முகத்தின் 11 மட்டும் நிஜம், மருந்து போட்ட இடத்தில் குறைந்திருக்கிறது. நாலு மாடியும் நிஜம், அதை யாரும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இனி செய்யப்போவது:

1. நாளை சாயங்காலம் வேலை முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்து சாவியை வாங்குவேன். பேச்சுவார்த்தை கிடையாது.

2. வெள்ளிக்கிழமை காலை ஊசி.

3. அன்றே டாக்டரம்மாவிடம் 50 என்று சொல்லித் திட்டு வாங்குவேன். முதுகுக்கு மறுபடி மருந்து, பூசுவது அப்பா. எண்ணுகிற வேலை அவருக்கு இனி இல்லை.

4. இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஏழு மணிக்கு முதுகை எண்ணுவது நீங்கள். இந்தக் குடும்பத்தில் என்மேல் துளி இரக்கம் இல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள்.