சங்குப்பூ சாட்சி

"இன்னா பாய் இது, டீ ஊதாவா மாறிகினு கீது?"

கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர் சாவியோ கிளாஸை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கேட்டான். ஒரு நிமிடத்துக்கு முன்புவரை அது நல்ல நீலமாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவன் போனில் மனைவி ஜானட்டிடம், "காட்டுப்பள்ளி ஹார்பர் கேட்டாண்டதாம்மா நிக்கிறேன்" என்று சொல்லியிருந்தான். அவன் நின்றது திருவொற்றியூரில், ஜஹாங்கீர் பாயின் டீக்கடையில்.

"பொய் சொன்ன, மாறிடுச்சு" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொரு டிரைவர். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஆனால் அவரும் சிரிக்கவில்லை, மற்றவர்களும் சிரிக்கவில்லை.

"அட, நான்தாம்ப்பா எலுமிச்ச புழிஞ்சேன். நீ அந்தப் பக்கம் திரும்பி பேசிகினு இருந்த" என்றார் ஜஹாங்கீர்.

"அப்ப எனுக்கு ஏன் மாறல?" என்றார் மற்றவர்.

"உனுக்குப் புழியல."

"எனுக்கு ஏன் புழியல?"

எலுமிச்சை வேண்டாம் என்று அவரே சொன்னதை அவரே மறந்திருந்தார். ஜஹாங்கீர் அதை நினைவுபடுத்தாமல் அடுத்த ஆளுக்கு டீ ஊற்றப் போய்விட்டார். அதுதான் தப்பாகிப் போனது.

இருபது வருடமாகப் பால் டீ போட்டவர் அவர். போன வருடம் சர்க்கரை ஏறி, டாக்டர் பாலையும் சீனியையும் குறைக்கச் சொன்னார். அன்றைக்கே அவர் மனைவி ரஹீமுன்னிசா, காசிமேட்டிலிருந்து மீன் வரும் தெர்மாகோல் பெட்டிகளில் மண்ணைக் கொட்டி மொட்டை மாடியில் துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல், சங்குப்பூ எல்லாம் வைத்தாள். காலையில், ஆலைப் புகையோடு வந்து இலைகளின் மேல் படிந்திருக்கும் கரித்தூளை ஈரத்துணியால் துடைப்பாள். மற்றவை ஏதோ பிழைத்துக் கிடந்தன. சங்குப்பூக் கொடி மட்டும் தண்ணீர் டேங்கில் ஏறி, டிஷ் ஆன்டெனாவைச் சுற்றி, அடுத்த வீட்டுத் துணிக்கொடி வரை போய்விட்டது. துடைக்கத் துடைக்கக் கருப்பாகும் அந்த மாடியில் இவ்வளவு நீலம் எங்கிருந்து வருகிறது என்று ஜஹாங்கீருக்குப் புரிந்ததே இல்லை. தினமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்.

அந்தப் பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சை பிழிந்தால் ஊதா. கடையிலும் இதையே போடுங்கள் என்று ரஹீமுன்னிசா சொல்லி அனுப்பியது அவ்வளவுதான்.

டீ மாறிய கதை அன்றிரவே ஜானட்டின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அவள் சாவியோவைச் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு வந்தாள். பின்னால் தெருவில் பாதிப் பேர்.

"பாய், இவருக்கு ஒரு நீல டீ குடுங்க. நேத்து எங்க இருந்தாருன்னு கேக்கணும்."

இதோடு இதை முடித்துவிட வேண்டும் என்று ஜஹாங்கீர் எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார். "நல்லா பாத்துக்கோங்க. இது சங்குப்பூத் தண்ணி. இது எலுமிச்சம்பழம். மந்திரமும் இல்ல, ஒண்ணும் இல்ல." சாவியோவின் கிளாஸில் பிழிந்தார்.

நீலத்துக்குள் ஊதா மெல்ல இறங்கிப் பரவியது. பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா" என்றாள் ஜானட் தாழ்ந்த குரலில். "எலுமிச்சம்பழம் பட்டாதான் உண்மை வெளிய வருது."

சாவியோ தலைகுனிந்து, "இங்கதாம்மா இருந்தேன். டீ குடிச்சிகினு" என்றான்.

அன்றிலிருந்து கணவர்களைக் கூட்டிக்கொண்டு மனைவிகளும், மனைவிகளுக்குத் தெரியாமல் கணவர்களும் வந்தார்கள். மாத்தூரிலிருந்து ஒருவர் தன் மாமியாரை ஆட்டோவில் அழைத்து வந்தார். ஜஹாங்கீர் எலுமிச்சையையே நிறுத்திப் பார்த்தார். எல்லோருக்கும் டீ நீலமாகவே நின்றது. கூட்டம் இரண்டு பங்கானது. யோக்கியன் என்று நிரூபித்துக்கொள்ள, நீல கிளாஸைக் கையில் பிடித்துப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"பால் டீயே போடுங்களேன்" என்றாள் ரஹீமுன்னிசா.

"போட்டேனே. உண்மைக்கு பயந்து நிறுத்திட்டேன்னு பேசுறானுங்க."

அப்போதுதான் ரமாபாய் வந்தார். பதினான்கு டிரெய்லர்களுக்கு முதலாளியம்மா. கோயிலுக்குள் வருவதுபோலச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கூட அவருடைய மேனேஜர் தயாளன்.

"ரொம்ப நாளா என் வண்டிங்கள்ல டீசல் களவு போவுது பாய்" என்றார் ரமாபாய். "சாவியோ மேல சந்தேகம்னு தயாளன் சொல்றாரு. எனக்கு மனசு கேக்கல. நாளைக்கு நாலு டிரைவருங்கள கூட்டினு வரேன். உங்க டீ சொல்லட்டும். யாருக்கு மாறுதோ அவன வேலைய விட்டு எடுத்துர்றேன்."

"அம்மா, இது பூவும்மா. கோர்ட்டு இல்ல."

"கோர்ட்டுல பதினஞ்சு வருசம் ஆவும் பாய்."

சாயங்காலம் சாவியோ வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். "நான் எடுக்கல பாய். பொண்டாட்டியாண்ட பொய் சொல்லுவேன், டீசலத் தொட மாட்டேன். உன் டீதான் என்னைக் காப்பாத்தணும்." அவன் கண்ணில் தெரிந்த நம்பிக்கையைப் பார்க்க முடியாமல் ஜஹாங்கீர் அடுப்பைத் துடைத்தார்.

வழி ஒன்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் கடையிலிருந்த எலுமிச்சம்பழங்கள் அத்தனையையும் பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். பிழிகட்டையைக்கூட விடவில்லை. கிளாஸ் கழுவும் கெங்கம்மாவிடம், "எல்லா கிளாஸையும் ரெண்டு தடவ கழுவு. எலுமிச்ச வாசனையே இருக்கக் கூடாது" என்றார்.

"செரி பாய்" என்றாள் கெங்கம்மா. அவள் அதற்குமேல் பேசி யாரும் கேட்டதில்லை.

பத்து மணிக்குக் கூட்டம் சாலை வரை நின்றது. ஜஹாங்கீர் கெட்டிலைச் சாய்த்து ஒவ்வொரு டிரைவரின் கிளாஸிலும் ஊற்றினார். முதல் மூன்றும் நீலம். சாவியோ இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்துக்கொண்டான். கிளாஸ் நிறைந்தது. நீலம். சாவியோ ஒரே மடக்கில் குடித்து, நாக்கு வெந்ததுகூடத் தெரியாமல் அழுதான்.

ஜஹாங்கீருக்கு உயிர் வந்தது.

"இது சரியா இல்லம்மா" என்றார் தயாளன். "டீ பழசு போல."

"அப்டியா? நீங்களும் ஒண்ணு குடிச்சுப் பாத்து சொல்லுங்க" என்றார் ரமாபாய்.

தயாளன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். கெங்கம்மா ஒரு கிளாஸைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஜஹாங்கீர் அதே கெட்டிலிலிருந்து ஊற்றினார்.

கெட்டிலின் மூக்கிலிருந்து நீலமாகத்தான் இறங்கியது. கிளாஸின் அடியைத் தொட்டதும் ஊதாவாக எழும்பியது.

வெளியே ஒரு டிரெய்லர் ஹாரன் அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை. தயாளன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு ஒரு கேன்தாம்மா" என்றார்.

ரமாபாய் கிளாஸைப் பார்த்தார். தயாளனும் மறுபடி பார்த்தார். ஜஹாங்கீர் கெட்டிலை நிமிர்த்த மறந்து இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தார். டீ தயாளனின் விரல்களில் வழிந்தது.

"செரி, மூணு கேன்" என்றார் தயாளன்.

கூட்டம் கலைய மதியமாயிற்று. சாவியோவை நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது பலர் கெட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஜஹாங்கீர் தடுக்கவில்லை. அவருக்கே உடம்பு சிலிர்த்து அடங்கவில்லை. மாடியில் கரித்தூளுக்கு நடுவே பூக்கும் அந்தக் கொடியைத் தினமும் பார்த்தோமே, அது என்னவென்று தெரியாமலே பார்த்தோமே என்று நினைத்துக்கொண்டார். ரஹீமுன்னிசாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

"கெங்கம்மா" என்றார் மெதுவாக. "கடையில ஒரு எலுமிச்சம்பழம்கூட இல்ல. உன் கண்ணால பாத்த இல்ல?"

கெங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பிழிந்து சுருங்கிய அரை மூடி எலுமிச்சையைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நான்தான் பாய் அந்தாளு கிளாஸ்ல புழிஞ்சு வெச்சேன்."

ஜஹாங்கீர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அத்தினி பேர்ல அந்தாளுதான் திருடன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்றார்.

கெங்கம்மா அடுத்த கிளாஸைத் தண்ணீரில் முக்கினாள்.

"தெரியாம இன்னா பாய். ரெண்டு வருசமா என் வூட்டுக்காரன் படகு அந்த டீசல்லதான ஓடுது."