மாமாவுக்கு, வைஃபை கார்டு விஷயமாக

முருகன் துணை

பெருமாள்மலை,
1.10.2025, புதன், மாலை மணி 5.40.
நான் உங்களுக்குப் போன் அடித்தது ஏழு முறை. நீங்கள் எடுத்தது ஒரு முறையும் இல்லை.

மரியாதைக்குரிய சண்முகராஜ் மாமாவுக்கு ஞானவேல் எழுதுவது.

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்திருந்தால் கேட்டே தெரிந்துகொண்டிருப்பேன். அடிவாரத்தில் பஞ்சாமிர்த வியாபாரம் நன்றாக நடக்கும், அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும். குசலம் முடிந்தது. விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை ஒன்பதே காலுக்கு நீங்கள் ஏற்பாடு செய்திருந்த பெண் பார்க்கும் வீடியோ பேச்சுக்கு நான் வரவில்லை. பாலசமுத்திரத்தில் தாரணியும் அவர் அப்பா அம்மாவும் பட்டுப்புடவை, சட்டை சகிதம் திரை முன்னால் உட்கார்ந்து என் முகத்துக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். நீங்கள் கோபத்தில்தான் போனை எடுக்கவில்லை என்பது தெரிகிறது. நியாயம்தான். முதல் இடத்தில் பெண்ணின் அப்பா தன் வைஃபை பாஸ்வேர்டை எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னார், இதெல்லாம் ஒரு பாஸ்வேர்டா என்று நான் கேட்டேன், இடம் போயிற்று. இரண்டாவது இடத்தில் பேச்சுக்கு நடுவே என் லேப்டாப் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று தானாக அணைந்துபோய்ச் சுற்றிக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். "மாப்ள, இது மூணாவது. இதுவும் போச்சுன்னா நான் இந்தச் சோலியையே விட்டுருவேன், ஒங்கம்மாகிட்ட நீயே பதில் சொல்லிக்க" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. ஆனால் மாமா, இந்த முறை தவறு என்னுடையது அல்ல, வைஃபை கார்டினுடையது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். பழனிச் சந்தைக்குப் போகும் சோலைமுத்து அண்ணனின் கேரட் வேனில் கொடுத்துவிட்டால் ராத்திரிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும்.

புதுப்பிப்பு என்று நடுவழியில் கவிழ்த்ததல்லவா, அந்தப் பழைய இயங்குதளத்தை நேற்றுத் தூக்கி எறிந்துவிட்டேன். இயங்குதளம் என்றால், கடையில் வாழைப்பழமும் வெல்லமும் ஆளும் எல்லாம் இருந்தாலும் யார் எதைச் செய்வது என்று சொல்ல நீங்கள் வேண்டும் அல்லவா, கணினிக்கு அது. அதற்குப் பதிலாக ஓபன்பிஎஸ்டி என்ற ஒன்றைப் போட்டேன். நம்மைக் கேட்காமல் எதையும் செய்யாது. இந்த மலையில் அதை வைத்திருப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். அதன் சின்னம் முள்ளை விரித்துக்கொண்டு உப்பியிருக்கும் ஒரு மீன். ஸ்டிக்கரை மூடியின் மேல் ஒட்டியிருக்கிறேன். தாரணியின் பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லாரையும்போல் சமையல், கோலம் என்று எழுதாமல், பழைய கணினிகளில் புது இயங்குதளங்களைப் போட்டுப் பார்ப்பது என்று எழுதியிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாளை ஓபன்பிஎஸ்டியிலிருந்து வருகிறேன் என்று அவருக்கு நேற்று, பழையதைத் தூக்கி எறிவதற்கு முன்பே, மின்மடலில் ஒரு வரி எழுதினேன், ஒரு தகவலுக்காக.

போட்டு முடித்த பிறகு பார்த்தால் வைஃபை கார்டு எழுந்திருக்கவில்லை. இது லேப்டாப்பின் வயிற்றுக்குள் பாதித் தீப்பெட்டி அளவில் இருக்கும் சமாச்சாரம். அதை எழுப்ப ஃபர்ம்வேர் என்று ஒரு கோப்பு வேண்டும். அந்தக் கோப்பு நெட்டில் இருக்கிறது. நெட் வர வேண்டுமானால் கார்டு எழுந்திருக்க வேண்டும். பீரோ சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டின மாதிரி. இதற்கெல்லாம் நான் அசரவில்லை. வீட்டில் டவர் கிடைக்காது, கைபேசியில் நான் வைஃபையும் மடலும் வைத்துக்கொள்வதில்லை, அது கொள்கை. ஆகவே இன்று வெள்ளனே எழுந்து மூடுபனியில் பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோய்க் கைபேசியில் அந்தக் கோப்பை இறக்கிக்கொண்டு வந்தேன். டீக்கடை எதிரே ஒரு காட்டுமாடு நின்று யோசித்துக்கொண்டிருந்ததால் அது யோசித்து முடிக்கும்வரை நானும் நிற்க வேண்டியிருந்தது. மற்றபடி தாமதம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் கீழே சிவபாக்கியம் அக்கா, எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருப்பவர், அரிவாள், மண்வெட்டி எல்லாவற்றையும் புளிபோட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜை. நான் மேலே வந்து கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஈரக்கையோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, ஒங்க பொட்டியக் குடுங்க, சாமிகிட்ட வெச்சுட்டு நாளைக்குத் தாறேன். அதுதான ஒங்களுக்குச் சோறு போடுது" என்றார்.

இன்று முக்கியமான பேச்சு இருக்கிறது, தர முடியாது என்றேன். அவர் கண் மூடியின் மேல் போயிற்று. "இதென்ன, மீனா? பூச நாளும் அதுவுமா. கவிச்சிய எப்பிடிச் சாமிகிட்ட வெக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டவர் போகாமல் நின்றார். "வேற எதையாச்சும் எடுத்துக்கவா? ஒங்க தொழிலுக்குன்னு ஒண்ணாச்சும் வெக்கணும்ல."

"எதை வேணா எடுத்துக்கங்கக்கா, இதை மட்டும் தொடாதீங்க" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லி அனுப்பிவைத்தேன். இந்த மாதிரித் தொந்தரவுகளுக்கு நடுவிலும் வேலை செய்தேன் என்பதற்காக எழுதுகிறேன்.

கோப்பு ஏறியது, கார்டு எழுந்தது, எந்தக் குறையும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன நெட்வொர்க் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். ஒன்றும் இல்லை என்றது. பக்கத்து வீடு ஒரு மேடு தள்ளி இருப்பதால் இங்கே வருவதே ஒரே ஒரு பெயர்தான், கீழே அக்கா வீட்டு ஹாலில் நான் மாட்டிவைத்திருக்கும் ரௌட்டரின் பெயர். அதுகூடக் கார்டின் கண்ணுக்குத் தெரியவில்லை. மறுபடி தேடச் சொன்னேன், இல்லை. அணைத்துப் போட்டேன், இல்லை. பழைய ஃபர்ம்வேர், புது ஃபர்ம்வேர், சானலை மாற்றி, அமைப்புக் கோப்பை அழித்து மறுபடி எழுதி, எல்லாவற்றுக்கும் அதே இல்லை. பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்து, அதன் பல்லை எல்லாம் அழிரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினேன். அதில் ஒரு திருகு கட்டிலுக்கு அடியில் ஓடிப்போயிற்று. மலைக்குளிரில் ஈரம் கோத்திருக்கும் என்று தோன்றியதால் கார்டை வேட்டியில் பொதிந்து கக்கத்தில் வைத்துக் காயவைத்தேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன், மொட்டைமாடிக்குப் போனேன், தண்ணித்தொட்டி மேலே ஏறி நின்று நாலு பக்கமும் காட்டினேன். எதிர்மேட்டில் பேரிக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒன்பதே கால் அடித்தது, பத்தாயிற்று. பேருந்து நிறுத்தத்துக்கு ஓடிக் கைபேசியிலாவது பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசியிருக்கலாம். ஆனால் மாமா, இன்னும் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்பது எட்டு மணியிலிருந்து எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கொடைக்கானலில் எட்டு விடுதிகளுக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். நெட் இல்லை என்று மேனேஜர் யார் கூப்பிட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா? பாதிப் பேர் அங்கேயே மாட்டிக்கொண்டு அசடு வழிவார்கள். அக்காவும் ஒருமுறை காரணமில்லாமல் கூப்பிட்டதால், 'பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடவும்' என்று தாளில் அச்சடித்து ரௌட்டருக்கு மேலேயே ஒட்டிவைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட அற்பக் கோளாறுகளைத் தினமும் பார்க்கிறவனுக்கு, இது அந்த ரகம் இல்லை, ஆழமான கோளாறு என்பது பார்த்ததுமே புரிந்துவிட்டது.

மத்தியானம் அக்கா பொரியும் சுண்டலும் கொண்டுவந்தார். "இன்னைக்குமா தம்பி வேல பாக்குறீங்க" என்றார். வேலை பார்க்க முடிந்தால்தானே, நெட்டே வரவில்லை என்றேன். "இன்னைக்கு எப்பிடி வரும்? நாளைக்குக் காலைல வந்துரும் தம்பி" என்று ரொம்ப அமைதியாகச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை வைத்தார். இந்த மாதிரிப் பேச்சுதான் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு மின்னணுக் கருவி விசேஷ நாள் பார்த்து வேலை செய்யாது என்று அவருக்கு அலைவரிசை, ஆன்டெனா எல்லாம் சொல்லி விளக்கினேன். "அதுஞ் சரிதான்" என்று கேட்டுக்கொண்டார். சுண்டல் நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஓபன்பிஎஸ்டியை எழுதுகிறவர்களுக்கு ஒரு புகார் மடல் எழுதினேன். பதினெட்டு அம்சம். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து எழுதுகிறீர்களே, ஒருவராவது எழுதியதை ஓட்டிப் பார்த்தீர்களா என்பதில் ஆரம்பித்து, எதையும் விட்டுவைக்கவில்லை. அனுப்பு என்று சொல்லியாயிற்று. நெட் இல்லாததால் வரிசையில் காத்துக்கிடக்கிறது. பிறகு மேட்டுக்கு நடந்துபோய் உங்களுக்கு ஏழு முறை அடித்தேன். அது மேலே எழுதியாயிற்று.

ஆக, கார்டு செத்துவிட்டது, இல்லையென்றால் ஓபன்பிஎஸ்டிக்கு இந்தக் கார்டைக் கண்டால் ஆகவில்லை. மூன்றாவது காரணம் இருக்க முடியாது. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

மாமா, ஒன்று எழுதுகிறேன், இரண்டாம் முறை எழுத மாட்டேன். இந்த இடம் எனக்கு வேணும். பயோடேட்டாவில் உண்மையை எழுதுகிற ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. நீங்கள் ஒரு நடை பாலசமுத்திரம் போய், பையன் வாய்தான் துடுக்கு, ஆள் ஓடிப்போகிறவன் இல்லை, கோளாறு மெஷினில்தான் என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அது வேறு மாதிரி வந்துவிடும்.

அத்தைக்கு என் வணக்கம். அந்தத் தண்டாயுதபாணி உங்கள் கோபத்தை ஆற்றி, கைபேசியை எடுக்கும் புத்தியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
எந்தக் கோளாறுக்கும் காரணமில்லாத உங்கள் மருமகன்
ஞானவேல்

பின்குறிப்பு: 2.10.2025, வியாழன், காலை எட்டு மணி.

நேற்று இந்தக் கடிதம் கிளம்பவில்லை. கொண்டுபோனால் சோலைமுத்து அண்ணனின் வேன் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்கச் சந்தனப் பொட்டோடு நின்றது. "இன்னைக்கு வண்டி ஓடாதுங்க. அதுக்கும் ஒரு நா லீவு வேணாமா" என்றார். கடிதத்தோடு திரும்பி, இருட்டிவிட்டதால் வழக்கமான வெளிப்படியை விட்டு அக்கா வீட்டு ஹால் வழியாக மாடிக்கு ஏறப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்திரி, மிக்சி. நடுவில், துடைத்துப் பளபளவென்று, நெற்றிக்குச் சந்தனம் குங்குமத்தோடு, என் ரௌட்டர்.

அக்கா வந்து பக்கத்தில் நின்றார். "நீங்கதான எதை வேணா எடுத்துக்கங்கன்னீங்க. கொம்பு ரெண்டுக்கும் பூக்கூடச் சுத்தியிருக்கேன் பாருங்க" என்றார். சுற்றித்தான் இருந்தது, செவ்வந்தி. ரௌட்டர் இருந்த இடத்தில் சுவரில் என் தாள் மட்டும் ஒட்டியபடி இருந்தது. இப்போது எடுக்கலாமா என்று கேட்டேன். "மறுபூச முடியாம எடுக்கப்படாது தம்பி" என்றார். மறுபடி கேட்கவில்லை.

இன்று காலை பூஜை முடிந்து அக்கா அதைக் கொண்டுபோய் மாட்டினார். நான் படியேறி வருவதற்குள் லேப்டாப் தானாகவே சேர்ந்துகொண்டது. கார்டில் கோளாறு இல்லை. ஓபன்பிஎஸ்டியில் கோளாறு இல்லை. சேர்ந்த அந்த நொடியே, வரிசையில் காத்துக்கிடந்த பதினெட்டு அம்சமும் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்தாற்போல் உள்ளே வந்தது தாரணியின் மடல், நேற்றுக் காலை பத்து மணிக்கு எழுதியது. அப்படியே தருகிறேன்: "அரை மணி நேரம் காத்திருந்தோம். மலையில நெட் இல்லையாம்னு அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன். உங்க மாமாவுக்குப் போட்டோம், அவர் போன் தராசோட சேர்ந்து பூஜையில இருக்கு, நாளைக்குத்தான் எடுப்பார்னு உங்க அத்தை கடை போன்ல சொன்னாங்க. அதனால அவருக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்குப் பத்தே முக்காலுக்கு மறுபடி வர்றோம். இந்நேரம் நீங்க கார்டைக் கழட்டியிருப்பீங்க. கழட்டறதுக்கு முன்னாடி, ரௌட்டர் ஆன்ல இருக்கான்னு பாத்தீங்களா?"

ஆகவே நீங்கள் கோபமாக இல்லை, உங்களுக்கு விஷயமே தெரியாது, பாலசமுத்திரம் போகவும் வேண்டாம். மேலே உள்ளதை நீங்கள் படித்திருக்கவே தேவையில்லை. ஆனால் எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமில்லை. சோலைமுத்து அண்ணன் கீழே ஹாரன் அடிக்கிறார். இனிச் செய்யப்போவது:

1. ஓபன்பிஎஸ்டிக்காரர்களுக்கு மன்னிப்பு மடல். பதினெட்டுக்கும் சேர்த்து ஒரே வரி.
2. கட்டிலுக்கு அடியில் திருகைத் தேடுவது.
3. அக்கா வீட்டுச் சுவரில் இருக்கும் தாளைக் கிழித்து, என் மேசைக்கு எதிரே ஒட்டுவது.
4. அடுத்த வருஷம் லேப்டாப்பை நானே கொண்டுபோய்க் கொடுப்பது. மீன் மேல் விபூதிப் பட்டை போட்டால் வைக்கலாம் என்று அக்கா இறங்கி வந்திருக்கிறார்.
5. பத்தே முக்கால்வரை லேப்டாப்பில் எதையும் தொடாமல் இருப்பது.
6. தாரணி கேட்டதற்கு அவர் அப்பா அம்மா முன்னாலேயே உண்மையைச் சொல்வது: பார்க்கவில்லை.