முத்தையா ஐயாவின் மேல் வரிசை

வயதானவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது என்றாலே எனக்கு எரிச்சல் வரும். பல் வைத்தியம் படித்த கடைசி வருடத்தில், 'முதியோருக்குச் சிகிச்சையளிக்க உங்களுக்கு எவ்வளவு விருப்பம்?' என்று ஒரு படிவம் தந்தார்கள். எல்லாக் கேள்விக்கும் 'மிகவும் விருப்பம்' என்று கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். (பசி. வேறு கொள்கை எதுவும் இல்லை.)

அடுத்த வாரமே கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலவசப் பல் முகாம். தோழிகளுக்கெல்லாம் சமர்த்தாக வாய் திறக்கும் பள்ளிப் பிள்ளைகள். எனக்கு மட்டும் முத்தையா ஐயா. வயது எழுபத்தெட்டு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்ப் பல் செட் கட்ட அளவெடுக்க வந்திருந்தார்.

"ஐயா! வாயத் தொறங்க!" என்று கத்தினேன்.

"காது நல்லாக் கேக்குது மிஸ்ஸி. பல்லுதான் இல்ல."

(மிஸ்ஸி என்றால் நர்ஸ். ஐந்து வருடப் படிப்பு ஒரே சொல்லில் போனது.)

கீழே வெறும் ஈறு. மேலே பளிச்சென்று முழு வரிசை. 'மேல் பற்கள்: ஆரோக்கியம்' என்று அட்டையில் எழுதினேன். கீழ் வரிசைக்கு அளவெடுத்த பிறகு, இரண்டும் பொருந்த வேண்டுமே என்று மேலேயும் எடுக்கப் பசையைக் குழைத்தேன்.

"மிஸ்ஸி, ஒரு விஷயம்..."

"அப்புறம் சொல்லுங்க."

"இல்லம்மா, இந்த மேல் பல்லு..."

ஏற்கெனவே தொழிற்சாலை மெஷின் கதையைக் கால் மணிநேரம் கேட்டிருந்தேன். இன்னொரு கதை தாங்காது. "பேசாதீங்க ஐயா!" என்று பசைத் தட்டை வாய்க்குள் அழுத்தினேன். பசை இறுகியதும் பிடித்து இழுத்தேன்.

முழு மேல் வரிசையும் கையோடு வந்தது.

நான் போட்ட அலறலில் வரிசையில் நின்ற பாதிப் பேர் வெளியே ஓடினார்கள். தட்டு கைநழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்து, அதிலிருந்த பல் செட் இரண்டாக உடைந்தது.

"அதத்தாம்மா சொல்ல வந்தேன்," என்றார் பொக்கை வாயால். "ஞாயித்துக்கெழம மஸ்கெலியாவுல பேத்தி கல்யாணம். நாந்தான் மைக்குல பேசணும்."

எங்களை முகாமுக்குக் கூட்டிவந்த மேடம் அட்டையில் நான் எழுதியதை வாய்விட்டுப் படித்தார். பிறகு, "நீயே ஒட்டி வாங்கிக் கொண்டுபோய்க் குடு," என்றார்.

ஹட்டனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே பல் செட் ஒட்டுபவர் சனிக்கிழமை வரை இழுத்தடித்தார். ஞாயிறு காலை கல்யாண வாசலில், வந்தவர்கள் சந்தனம் பூசிக்கொள்ள, நான் முத்தையா ஐயாவுக்குப் பல் மாட்டினேன். அவர் நேரே போய் மைக்கைப் பிடித்தார். மணமக்களை வாழ்த்துவார் என்று பார்த்தால், "என் பல்லப் புடுங்கிட்டு அலறுன டாக்டரம்மா இவங்கதான்!" என்றார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. டாக்டர் என்று சொல்ல அந்த மனுஷனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை!

இப்போது தலவாக்கலையில் சொந்தமாக கிளினிக் வைத்திருக்கிறேன். கூட்டத்தில் பாதி அந்தத் தோட்டத்து வயசாளிகள்தான். ஒருவராவது சும்மா வந்து நாற்காலியில் உட்கார வேண்டுமே! கதவருகிலேயே பல் செட்டைக் கழற்றி என் கையில் வைத்துவிடுகிறார்கள்.

"இந்தாங்க டாக்டரம்மா, மொதல்லயே குடுத்துட்டோம். பயந்துக்காதீங்க."