என்.ஆர்.வி. மாமாவும் சந்தனப் பொட்டும்

கடலூரில் போன வழியே திரும்பி வராத ஒரே பிறவி எங்கள் தெரு என்.ஆர்.வி. மாமாதான். குடையை மறந்துவிட்டு நாலு வீடு தாண்டிவிட்டால் போச்சு. தெருவையே ஒரு சுற்று சுற்றி, கொல்லைப்பக்கமாக வந்து எடுத்துக்கொண்டு போவார். அதற்குள் மழை நின்றிருக்கும். சிதம்பரம் போனால் வருவது வடலூர் வழியாகத்தான்.

சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பைப் லைன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்.ஆர்.வி. என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு. தண்ணீரை ஒரு பக்கம் போகவிட்டு, திரும்பி வரவிடாத பித்தளைச் சாமான். நமக்குப் பேனா மாதிரி, அவர் சட்டைப்பையில் அது ஒன்று எப்போதும் இருக்கும். பக்கத்து வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனாலும், "அந்த வூட்ல வால்வு வீக்கு மாப்ள, அதான் ரிட்டன் அடிக்குது" என்பார்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, வாட்டர் ஹீட்டர், குளிக்க மறைப்பு என்று வீடாகவே மாற்றினார். எல்லாம் அத்தைக்காக. அத்தைக்கு மூட்டுவலி. பச்சைத்தண்ணீர் ஆகாது, குளிக்காமல் கோயிலுக்கும் போகமாட்டார். அதனாலேயே வெளியூர் என்பதையே விட்டிருந்தார். "வெந்நி வந்தா வர்றேன். இல்லன்னா பஸ் ஏறிடுவேன். அப்பறம் இந்த வண்டிப் பக்கமே என்னைக் கூப்புடக் கூடாது" என்பது கண்டிஷன்.

போன மார்கழியில் சிதம்பரம். நானும் தொற்றிக்கொண்டேன். காலையில் திறந்தால், பச்சைத்தண்ணீர்க் குழாயில் வெந்நீர் கொட்டுகிறது. வெந்நீர்க் குழாயில் பேருக்குக்கூடச் சூடு இல்லை. மாமா முகத்தில் அப்படியொரு சந்தோஷம்!

"வால்வு மூடல மாப்ள! சூட்டுத்தண்ணி பின்னாடியே வந்து பச்சத்தண்ணி லைன்ல பூந்துடுச்சு!"

ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, வால்வைக் கழற்றினார். உள்ளே உப்புப் பிடித்து, மூடி பாதியில் நின்றிருந்தது. சட்டைப்பையிலிருந்து புதுசு வந்தது.

"புது சாமான வெறுமனவா மாட்டுவாங்க? குடுங்க இப்பிடி" என்று அத்தை வாங்கி, சந்தனத்தை அப்பி, நடுவே குங்குமமும் வைத்துக் கொடுத்தார். மாமா கும்பிட்டு மாட்டினார். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று. அப்புறம் அதுவும் இல்லை.

அத்தை பையை எடுத்துக்கொண்டு, வேன் வந்த வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்துவிட்டார்.

மாமா துண்டால் சந்தனத்தைத் துடைத்தார். தண்ணீர் போகவேண்டிய திசையைக் காட்ட வால்வின் மேல் ஓர் அம்புக்குறி இருக்கும். இருந்தது, ஹீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! பொட்டு அதை மறைத்துவிட, மனிதர் தலைகீழாக மாட்டியிருக்கிறார். திருப்பி மாட்டியதும் தண்ணீர் சமர்த்தாக வந்தது. ஹீட்டரைப் போட்டோம்.

மாமா வழக்கம்போல் அடுத்த தெருப்பக்கம் திரும்பினார்.

"சுத்திப் போனா பஸ்ஸு போயிடும் மாமா!"

ஒரு கணம் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டினார். வந்த வழியே, நேராக, ஓடினார்.

அத்தையின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரோடு திரும்பி வந்தார்.

"இன்னாதான் ஆச்சு?"

"நான்தாம்மா தலகீழா மாட்டிட்டேன். கண்ணு தெரியல."

"இத்தினி வருஷ சர்வீஸு! இதுகூடவா தெரியல?"

"தெரியல."

அத்தை ஆவி பறக்கக் குளித்துவிட்டுக் கோயில் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். மாமா சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பொட்டைப் பற்றி இன்றுவரை அவர் மூச்சுவிடவில்லை. அத்தை பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் நான் எழுதுகிறேன். படிக்கிற நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் திட்டை மாமா ஆசையாக வாங்கி வைத்திருக்கிறார்.