நாற்பது முழக் கயிறு

செம்மேட்டு நாட்டு அரண்மனை வருடத்துக்கு வருடம் வளர்ந்தது. ஒரு செங்கல்கூடப் புதிதாக வைக்காமல் வளர்ந்தது என்பதுதான் அதன் சிறப்பு. சுற்றிலும் இருந்த மண்ணை வெட்டி அண்டை நாட்டுச் சாலைகளுக்கு விற்றார்கள். தரை இறங்க இறங்க அரண்மனை உயர்ந்தது. ஆண்டுதோறும் அடிவாரத்திலிருந்து கோபுரம்வரை அளந்து விழா எடுத்தார்கள்.

அரண்மனைக் கிணற்றில் ஊருக்கு நீர் இறைத்துத் தரும் காத்தாயிக்கு மட்டும் விழாவில் மனம் ஒட்டவில்லை. மேட்டின் கீழே அவளுக்கு அரைக் காணி சோளக்கொல்லை இருந்தது. மண் வெட்டும் பள்ளம் அதன் வரப்பைத் தொட்டுவிட்டது. வளர்ச்சி அமைச்சர் குணபத்திரர் முன் போய் நின்றாள்.

"சாமி, அரமனை பன்னெண்டு முழம் வளந்துச்சுன்னு தண்டோரா போட்டீங்க. கெணத்துத் தண்ணியும் பன்னெண்டு முழம் கீழ போயிருச்சு. நாப்பது முழக் கயிறு எட்ட மாட்டேங்குது. தோண்டுறத நிறுத்தச் சொல்லுங்க, என் கொல்லையாச்சும் மிஞ்சட்டும்."

அமைச்சர் கவலையோடு தாடியைத் தடவினார். "குறை தண்ணீரில் இல்லை அம்மா. கயிற்றை வைத்து நீ அளந்து பார்க்கிறாயே, அதில் இருக்கிறது."

மறுநாள் அரசாணை வந்தது. இனி எந்தக் கயிறும் நாற்பது முழத்தைத் தாண்டக் கூடாது. நாற்பதாவது முழத்தில் தரையோ தண்ணீரோ வந்துவிட்டதாகவே கொள்ளப்படும். முடிச்சுப் போட்டு நீட்டுவோர் தேசத்துரோகிகள். காலிக் குடங்களோடு நின்றவர்களுக்குக் காவலர்கள் ஆணையை உரக்க வாசித்துக் காட்டினார்கள்.

முணுமுணுப்பு கிளம்பியதால் தேர்தலும் நடந்தது. கேள்வி ஒன்றுதான்: அரண்மனை வளர வேண்டுமா, வேகமாக வளர வேண்டுமா? வேகம் வென்றது. அதே வாரம் காத்தாயியின் கொல்லை வண்டியேறிப் போனது.

ஐப்பசியில் மழை கொட்டியது. தடுக்க ஒரு வரப்பும் இல்லாத வெள்ளம் மேட்டின் அடியைத் தின்றது. படிக்கட்டு சரிந்தது, சுவர்கள் பிளந்தன. மன்னர் உச்சிவர்மர் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியே இறங்கினார். பாதியில் கயிறு தீர்ந்தது. அரச பாதங்கள் அந்தரத்தில் ஆடின.

"யாரங்கே! கயிறு ஏன் எட்டவில்லை?"

தன் கொல்லை இருந்த பள்ளத்தில், முழங்கால் சேற்றில் நின்ற காத்தாயி அண்ணாந்து பார்த்தாள்.

"எட்டிருச்சு சாமி! நாப்பது முழம் ஆச்சுல்ல? ஆணைப்படி நீங்க தரையிலதான் நிக்கிறீங்க. கயித்த விட்டுட்டு நடங்க!"