தோற்றவனுக்கும் பத்துப் பக்கம்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் தோற்காத மனிதர் யாரும் இல்லை. வெள்ளத்திடம் தோற்றவர் உண்டு, வறட்சியிடம் தோற்றவர் உண்டு, உள்ளாட்சித் தேர்தலில் சொந்த வார்டிலேயே டெபாசிட் இழந்தவர் உண்டு. ஆனால் தோற்பதற்கென்று ஓர் அணியைச் சேர்த்து, அதற்கு விடியற்காலையில் பயிற்சி கொடுத்து, பச்சை நிறத்தில் பனியனும் தைத்துக் கொடுத்து, ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பியவர் எங்கள் ஊர் டைம்-அவுட் அண்ணன் ஒருவர்தான். இதை நான் அடித்துச் சொல்லலாம். அவருடைய வாலிபால் அணி ஆடிய எல்லா ஆட்டங்களுக்கும் ஸ்கோர் எழுதியவன் நான்.

நான் கும்பகோணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கெழுதுகிறவன். தினமும் டைரி எழுதுவேன். கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கும். அந்த ஒரு தகுதிக்காகத்தான் என்னை மைதானத்து ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள்.

எங்கள் ஊர் திருவிடைமருதூருக்குத் தெற்கே, வாய்க்கால்களுக்கு நடுவில் இருக்கிறது. அண்ணனுக்கு அங்கே மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுற்றுவட்டாரத்தில் எந்த வயலில் பம்புசெட் எரிந்தாலும் அவரிடம்தான் வரும். செம்புக்கம்பியைச் சுற்றி முடிக்கும்வரை மோட்டார்க்காரர் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது எரிந்த மோட்டாரோடு வந்தவரால் வாயை மூடிக்கொண்டு உட்கார முடியாது. மகள் கோபித்துக்கொண்டு வந்தது, தம்பி வரப்பை வெட்டியது, எல்லாம் வெளியே வரும். அண்ணன் கம்பியைச் சுற்றிக்கொண்டே "உம்" கொட்டுவார். இப்படியாக ஏழெட்டு ஊர்களின் துக்கம் அவருக்குள் சேர்ந்திருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவரைச் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு பெட்டி கெடுத்துவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் கோடாலித் தைலம் கொண்டுவருவார்கள், சாக்லேட் கொண்டுவருவார்கள். அண்ணனின் தம்பி ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தார். அங்கே அவர் தங்கியிருந்த விடுதியில் யாரோ விட்டுவிட்டுப் போனவையாம். எல்லாம் ஜப்பான்காரர்களின் சித்திரக்கதைகள், ஆங்கிலத்தில். மங்கா என்று பெயர். அதிலும் எல்லாமே விளையாட்டுக் கதைகள். ஒன்றில் வாலிபால், ஒன்றில் சைக்கிள் பந்தயம், இன்னொன்றில் மேஜைப் பந்து. பெயர் தெரியாத ஊர்களின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணனின் ஆங்கிலம் மோட்டார் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் கடைக்குப் போய்த் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. முதல் நாளே தகராறு. அந்தப் புத்தகங்களை வலமிருந்து இடமாக, நாம் கடைசி என்று நினைக்கிற பக்கத்திலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும். நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். எடுத்ததுமே ஒருவன் தோற்று அழுதுகொண்டிருந்தான். அப்புறம் மெல்ல மெல்ல நம்பிக்கை அடைந்து, இறுதியில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான். அண்ணன்தான் படங்களைப் பார்த்துவிட்டு, "சார், பின்னாடியிருந்து வாங்க" என்றார். சரியான பக்கத்திலிருந்து வந்தபோது முடிவில் அழுகைதான் நின்றது. எனக்கு நான் படித்த வரிசையே மேல் என்று பட்டது.

எனக்கு இன்னொரு குறையும் இருந்தது. ஒருவன் பந்தைத் தூக்கிப் போடுகிறான். அது கீழே வருவதற்குள் பாதிப் புத்தகம் முடிந்துவிடுகிறது. நடுவில் அடிக்கப்போகிறவனின் சின்ன வயது வருகிறது. அதாவது பரவாயில்லை, எதிர்ப்பக்கம் நிற்கிறவனின் சின்ன வயதும் வருகிறது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் கொடுக்கிறவனுக்கும் ஓர் அப்பா, அவருக்கு ஒரு வருத்தம். ஆட்டம் எப்போது நடக்கும் என்று கேட்டேன். அண்ணன் கட்டிக்கொண்டிருந்த காயிலைக் கீழே வைத்தார். வேலையைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசியது அபூர்வம்.

"பேப்பரைப் பாருங்க சார். ஜெயிச்சவன் போட்டோ இருக்கும். தோத்தவன் பேரு கடைசி வரியில இருக்கும். இதுல தோத்து வெளிய போறவனுக்குப் பத்துப் பக்கம் குடுத்திருக்கான். அவன் ஷூ லேசைக்கூட விடாம வரைஞ்சிருக்கான். நம்ம ஊரே தண்ணியில முங்கினப்ப எத்தனை வரி வந்துச்சு?"

இரண்டு வரி வந்தது. அதில் ஊர்ப் பெயர் தப்பு. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் அணி சேர்த்தார். கேப்டன் செந்தில் அறுவடை மிஷின் ஓட்டுகிற பையன், நல்ல உயரம். மற்றவர்களுக்கு உயரமும் இல்லை, வேறு வேலையும் இல்லை. கதைகளில் வீரர்கள் கோயில் படிக்கட்டில் ஓடி ஏறிப் பயிற்சி எடுப்பார்கள். எங்கள் பூமியோ தாம்பாளம் மாதிரித் தட்டை, ஏறுவதற்கென்று இருப்பது வரப்பும் வாய்க்கால் மதகும்தான். யோசித்துப் பார்த்து அவர்களைச் சுவாமிமலைக்கு வேன் வைத்து அழைத்துப் போனார். அங்கே அறுபது படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு தமிழ் வருஷத்தின் பெயர். பையன்கள் பிரபவவிலிருந்து ஓடத் தொடங்கினார்கள். பாதி வழியில் ஓர் அம்மாள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி யாரும் ஓட முடியவில்லை. ஆளுக்கொரு குங்குமக் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டார். கடைசிப் படியான அட்சய வரை பூசை செய்துகொண்டே ஏறினார்கள். மேலே சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தில் தூங்கினார்கள். அத்துடன் மலையேற்றப் பயிற்சி முடிந்தது.

அடுத்தது அடிகளுக்குப் பெயர். கதைகளில் வீரன் தன் அடியின் பெயரைக் கத்திவிட்டுத்தான் அடிப்பான். எங்கள் அணிக்கும் அண்ணன் பெயர்கள் வைத்தார். முழு பலத்தோடு கோட்டோரம் இறக்குவது 'மேட்டூர்'. வலைக்கு மேல் கை உயர்த்தித் தடுப்பது 'கல்லணை'. பந்தை வலையைத் தாண்டிச் சொட்டென்று போடுவது 'கடைமடை', கடைசி வயலுக்கு வந்து சேருகிற தண்ணீரின் அளவு. பெயர்கள் பொருத்தமானவை என்று எதிரணிகளும் ஒப்புக்கொண்டன. செந்தில் "மேட்டூர்" என்று கத்தினால் பின்னால் போனார்கள், "கடைமடை" என்றால் முன்னால் வந்தார்கள். ஒரே பொங்கலில் ஒன்றியம் முழுக்கப் பாடமாகிவிட்டது. பேரை மாற்றிச் சொல்லி ஏமாற்றலாமே என்று செந்தில் கேட்டான். அண்ணன் முகம் வாடிவிட்டது. சொன்னதைத்தான் அடிக்க வேண்டும் என்று முடித்துவிட்டார்.

இதையெல்லாம் மீறி ஜெயிக்கிற சந்தர்ப்பங்களும் வந்தன. அப்போதெல்லாம் அவர் எழுந்து நின்று, ஒரு கையை நிமிர்த்தி மறு கையை அதன்மேல் படுக்கவைத்து, டைம்-அவுட் கேட்பார். பெயர் வந்தது அதனால்தான். மற்ற கோச்சுகள் டைம்-அவுட்டில் திட்டுவார்கள். இவர் எதிரணியின் கதையைச் சொல்வார். ஒருமுறை இரண்டே பாயிண்ட் பாக்கி. எதிரே சர்வீஸ் போட நின்ற பையனைக் காட்டி, அவன் அப்பா போர்செட்டில் விழுந்து காலை உடைத்துக்கொண்டதிலிருந்து நடவுக்கு இவன்தான் போகிறான், இன்றைக்கு ஆடவேண்டும் என்று நேற்றே நாற்றுப் பறித்து வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்றார். எதிரியைப் புரிந்துகொண்டால் பலம் வரும் என்பது புத்தகத்தின் கொள்கை. எங்கள் பையன்களுக்குக் கண்ணீர்தான் வந்தது. அவன் போட்ட பந்துகளை யாரும் மனசாரத் திருப்பி அடிக்கவில்லை.

செந்தில் பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, ஒரு தடவையாவது நம்ம கதையைச் சொல்லுங்கண்ணே" என்றான்.

"நம்ம கதைதான் நமக்குத் தெரியுமேடா."

அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் அக்கா பாயசத்துக்கு முந்திரி வாங்கிவைப்பார், ஜெயித்து வந்தால் வைப்பதற்கு. ஒவ்வொரு மாசியிலும் அதில் வண்டு விழும்.

இப்படியே போயிருந்தால் நான் இதைச் சிரித்துக்கொண்டு எழுதலாம்.

போன வருஷத்துக்கு முந்திய தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டது. கொள்முதலுக்குக் கொண்டுபோன நெல், அடுக்க இடமில்லாமல் சாலையோரம் நனைந்து முளைத்தது. ஊரில் இடம் காட்டினால் இங்கேயே கொள்முதல் நிலையம் திறக்கலாம் என்றார்கள் அதிகாரிகள். வயல் இல்லாத ஒரே இடம் எங்கள் மைதானம். அது போனால் வலை கட்ட வேறு இடமில்லை. சமுதாயக் கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மைதானத்துக்காக அண்ணன் பேசுவது என்று முடிவாயிற்று. அவர் பேச வேண்டியதை நான் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். பழைய ரைஸ்மில் களத்தைக் கேட்டு வாங்கலாம், மைதானம் பள்ளம் என்பதால் தண்ணீர் நிற்கும், பையன்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. செந்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். "டைம்-அவுட் மட்டும் கேட்டுடாதீங்கண்ணே."

மைதானத்தைக் கேட்டு முதலில் பேசியவர் கோவிந்தராசு, குத்தகைக்கு நிலம் வைத்திருப்பவர். கோபத்தில் பேசினார். வேலைவெட்டி இல்லாத பசங்க பந்து தட்டுகிற இடம், அதற்கு ஒரு கோமாளி வாத்தியார் என்றார். கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. பையன்களைப் பெற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஊராட்சித் தலைவியே, பார்த்துப் பேசுங்க என்றார். எங்கள் அணி அவ்வளவு முன்னிலையில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை.

அண்ணன் எழுந்தார். என் தாளைப் பார்த்தார். கோவிந்தராசுவைப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி டைம்-அவுட் கேட்டார். செந்தில் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இவரு ஏன் கோவமாப் பேசுறாருன்னு தெரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். "அந்த மழையில தார்ப்பாய் பத்தலை. வீட்டுல இருந்த போர்வை, வேட்டி எல்லாத்தையும் கொண்டாந்து மூட்டை மேல போட்டாரு. அப்பவும் ஒரு மூட்டை பாக்கி. பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருந்த பட்டுப்புடவையைக் கொண்டாந்து போத்தினாரு. நெல்லும் மொளைச்சிருச்சு, புடவையும் சாயம் போயிருச்சு. மொளைச்ச நெல்லு ஒரு கைப்பிடி அவரு மடியில இருந்துச்சு. வீட்டுல பாத்தா அழுவாங்கன்னு என் கடையில வெச்சிட்டுப் போனாரு."

கோவிந்தராசு தரையைப் பார்த்தபடி, "அதை ஏன்யா இங்க சொல்ற" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு எதிர்த்துப் பேச ஆளில்லை. மைதானத்தைக் கொடுக்கலாம் என்று முதலில் கை தூக்கியவன் செந்தில்.

திரும்பி நடக்கும்போது, என்ன காரியம் செய்தீர்கள் என்று கேட்டேன். "அவரு தப்பாப் பேசிட்டாரு சார். ஒழுங்காப் பேசியிருந்தா நான் நம்ம பக்கம் பேசியிருப்பேன்" என்றார்.

அடுத்த அறுவடைக்கு மைதானத்தில் மூட்டைகள் அடுக்கி நீலத் தார்ப்பாய் போட்டார்கள். மழை வந்தது. பள்ளம் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன் அல்லவா, தண்ணீர் நின்றது. அடி வரிசை மூட்டைகள் ஊறிப்போயின. அதில் கோவிந்தராசுவுடையதும் இருந்தது. யாருக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. செந்தில் சிங்கப்பூர் போய்விட்டான். மற்றவர்கள் திருப்பூர், சென்னை என்று கலைந்தார்கள். அண்ணன் வலையைச் சுருட்டிப் பரணில் போட்டார். புத்தகப் பெட்டியைத் திறப்பதில்லை. பெஞ்சில் யாராவது உட்கார்ந்து பேச ஆரம்பித்தால், "நாளைக்குத்தான் ஆகும், போயிட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அக்கா முந்திரி வாங்குவதை நிறுத்திவிட்டார்.

இந்த வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கடை பூட்டிக் கிடந்தது. மைதானத்துக்குப் போனேன். மூட்டைகள் போய்விட்டிருந்தன. லாரித் தடங்களில் கோடை மழை தேங்கி, சிந்திய நெல் பச்சையாக முளைத்திருந்தது. நடுவில் அண்ணன் தனியாக வலை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கத்து முடிச்சு நிற்கவில்லை. நான் பிடித்துக்கொண்டேன். கட்டி முடிந்ததும், வேறு ஆள் இல்லாததால், எதிர்ப்பக்கம் போய் நின்றேன். என் வாழ்க்கையில் நான் கோட்டுக்கு உள்ளே நின்றது அன்றுதான்.

அவர் பந்தைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டு டைம்-அவுட் கேட்டார். காலியாக இருந்த தன் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசினார்.

"எதிர்ல நிக்கிறவரைச் சாதாரணமா நினைக்காதீங்கடா. வாரம் முழுக்க அடுத்தவன் கணக்கை எழுதுறவரு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் அவருக்கு. அதையும் நம்ம தோக்கறதை எழுதவே குடுத்தாரு. ஒரு தடவைகூட, போதும், விட்டுடுங்கன்னு சொன்னதில்லை."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். அண்ணன் திரும்பி, "மேட்டூர்" என்று கத்தி அடித்தார். சொன்னதை நம்பிக் கடைசிக் கோடுவரை பின்னால் போனேன். பந்து வலையின் விளிம்பில் தட்டி, இந்தப் பக்கம் சொட்டென்று விழுந்து, முளைத்த நெல்லுக்குள் நின்றது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எங்களுக்கு எப்போதும் அப்படித்தான் வந்து சேர்கிறது.

"மேட்டூர்னு நினைச்சுத்தான் சார் அடிச்சேன்" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில். பாயிண்ட் உங்களுக்கு என்றேன். இரண்டாவது பந்துக்கு வெளிச்சம் போதவில்லை.

வலையை அவிழ்க்கிற வேலையை அவரிடம் விட்டுவிட்டு நான் முன்னால் நடந்து அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஜெயித்துவிட்டார் என்று அக்காவிடம் சொன்னேன்.

"யாரை?"

"என்னைத்தான்க்கா."

அக்கா அடுக்களைக்குள் போனார். முந்திரி இல்லையே தம்பி என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தார். அண்ணன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தபோது பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் டம்ளரை அவரிடம் நீட்டினார் அக்கா. அவர் வாங்கவில்லை.

"சாருக்குக் குடு. தோத்தவருக்குத்தான் முதல்ல."

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.